மின்னூலுக்கு எதற்கு வரிசை?

ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் மின்னூல்களை இரவல் தரும் லிபி (Libby) செயலியில் ஒரு நாவல் கேட்டேன். எனக்கு முன்னால் பெரிய வரிசை. நொடியில் நகலெடுக்கக்கூடிய மின்னூலுக்கு எதற்கு வரிசை? நூலகர்கள் இன்னும் நாலு பிரதி எடுத்துவைக்கக் கூடாதா? என் மகள் வேறு நூலக அறிவியல் முதுகலை படிக்கப்போவதாகச் சொல்கிறாள். கூகுள் இருக்கும்போது அது வீண் செலவு என்றே எனக்குப் படுகிறது.

சுந்தர்

அன்புள்ள சுந்தர்,

நூலகரைக் கோபித்துப் பயனில்லை. பெரிய பதிப்பகங்களின் மின்னூலை நூலகம் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, உரிமம்தான் கிடைக்கும். ஓர் உரிமத்தில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். வரிசை அதனால்தான்.

அச்சு நூல் அப்படியல்ல. விற்ற பிரதியின் மறுவிற்பனையில் பதிப்பாளர் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே சொல்லிவிட்டது. வாங்கிய பிரதியை நூலகம் தாள் உதிரும்வரை இரவல் கொடுக்கலாம். மின்னூல் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் 26 இரவலோடு உரிமம் தீர்ந்தது என்றது. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 2018இல் இரண்டாண்டுக் கெடு வைத்தது. நீங்கள் 15 டாலருக்கு வாங்கும் மின்னூலுக்கு நூலகம் 55 டாலர்கூடக் கொடுக்கிறது. கெடு முடிந்தால் மறுபடியும் பணம். மாக்மில்லன் 2019இல் இன்னும் ஒரு படி போனது: புதிய நூலுக்கு முதல் எட்டு வாரம், எவ்வளவு பெரிய நகர நூலகமானாலும் ஒரே பிரதி. நூலகங்கள் புறக்கணித்தன, 2020 மார்ச்சில் கைவிட்டார்கள். நூலகங்களுக்கு மின்னூலை நியாயமான விலைக்குத் தர வேண்டும் என்று மேரிலாண்ட் மாநிலம் 2021இல் போட்ட சட்டம் மறு ஆண்டே நீதிமன்றத்தில் விழுந்தது.

வீட்டிலிருந்தபடி இலவசமாகக் கிடைத்தால் யார் வாங்குவார்கள் என்ற பதிப்பாளரின் பயம் எனக்கும் உண்டு, எழுதிச் சம்பாதிப்பவன்தானே. விலை கூடுதலாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கெடுவைத்தான் ஏற்க முடியவில்லை. பரபரப்பான நாவல் போட்ட பணத்துக்குப் படிக்கப்பட்டுவிடும். இரண்டாண்டில் மூன்று பேர் மட்டும் எடுத்த கவிதைத் தொகுப்பை எந்த நூலகம் புதுப்பிக்கும்? அலமாரியில் என்றால் நான்காவது ஆளுக்காகத் தூசியோடு காத்திருந்திருக்கும். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்று இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்தாரே நூலகத்துக்கான மூன்றாம் விதி, அதற்கு இந்தக் கெடு நேர் விரோதி.

எதைப் புதுப்பிப்பது, எதைக் கைவிடுவது, இரவலுக்கு எவ்வளவு ஆகிறது, பக்கத்து நூலகங்களோடு சேர்ந்து உரிமம் எடுக்கலாமா, ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் கண்ணி இருக்கிறது? இவற்றைக் கூகுள் பார்த்துக்கொள்ளாது. கணித ஆசிரியராக இருந்த ரங்கநாதனே 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான பிறகு லண்டன் போய்ப் படித்தார். 1929இல் சென்னையில் பயிற்சி வகுப்பும் தொடங்கினார். மகளுக்கு இந்த ஒப்பந்தப் பாடம் கிடைக்குமா என்று பாடத்திட்டத்தைப் பாருங்கள். நூல்களைப் பட்டியலிடக் கற்றுத்தருவதோடு நின்றுவிடும் இடம் வேண்டாம்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நூலகர் பணிகளுக்கு அதைக் கேட்கிறார்கள். சம்பளம் பெரிதாக இராது, அதனால் கடன் வாங்கிப் படிக்கும் அளவுக்குக் கட்டணம் போக வேண்டாம். முதலில் உங்கள் ஊர் நூலகத்திலேயே சில மாதம் பகுதிநேரமாக வேலை பார்க்கட்டும்.