சோர்வு வந்த நாளெல்லாம் நோய் முற்றிய நாள் அல்ல

கேள்வி: வயது 36. நான்கு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்). ஊசி மருந்து எடுத்துவருகிறேன். ஒருநாள் நன்றாக இருக்கிறேன். மறுநாள் பத்து மணிக்கே கையைத் தூக்க முடியாமல் சோர்ந்துவிடுகிறேன். வெந்நீரில் குளித்தால் பார்வை மங்குகிறது. மறதி, கொட்டாவி, முடி உதிர்தல் வேறு. சோர்வு கூடினால் மூளை சுருங்குகிறது என்று இணையத்தில் படித்துப் பயந்து, மீதமிருந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை இரண்டு முறை சில நாட்கள் போட்டுக்கொண்டேன், தெம்பு வந்தது. முடிக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். சக்கர நாற்காலிக்குப் போய்விடுவேனா?

பதில்: முதலில் அந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம். வந்த தெம்பு மருந்து தந்த செயற்கை உற்சாகம். அது தூக்கத்தைக் கெடுக்கும். மாத்திரை நின்றதும் முன்னைவிடத் துவண்டுபோவீர்கள். உடலில் தொற்று இருந்தால் காய்ச்சலை மறைத்து, தொற்றை வளரவும் விடும். நோய் புதிதாகத் தாக்கும்போது நரம்பியல் நிபுணர் சில நாட்களுக்கு உயர்ந்த அளவில் தரும் ஸ்டீராய்டு வேறு கணக்கு. அதுவும் சோர்வுக்கான மருந்து அல்ல.

நீங்கள் எழுதிய எல்லாமே கடைசிக் கேள்விக்காக எழுதியவைதான். அதற்கு என் பதில்: உங்கள் சோர்வைப் பார்த்து யாராலும் உங்கள் நடையைக் கணிக்க முடியாது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சோர்வு இருக்கிறது. நடையில் ஒரு குறையும் இல்லாதவர் சோர்ந்து படுத்துக் கிடப்பதும், ஊன்றுகோலுடன் வருபவர் மாலைவரை வேலை பார்ப்பதும் நாங்கள் அன்றாடம் காண்பவை. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் தழும்புகளின் எண்ணிக்கைக்கும் சோர்வின் கடுமைக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது. இந்த நோயில் மூளையின் பருமன் ஆண்டுக்கணக்கில் சற்றுக் குறையலாம் என்பது உண்மை. செவ்வாய்க்கிழமை காலையில் வந்த சோர்வு அதற்கு அடையாளம் என்பது கற்பனை.

நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடத்தில் செய்தி மெதுவாகவே போகும். முன்பு எளிதாகச் செய்த வேலைக்கு இப்போது மூளை கூடுதல் பகுதிகளை ஈடுபடுத்த வேண்டியிருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் அதே தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் செலவாவதைப் போலத்தான். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே அந்தச் செய்தி மேலும் தடுமாறும். வெந்நீரில் உங்கள் பார்வை மங்குவது இதனால்தான். உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இலேயே பதிவு செய்தார். ஏறும் வெப்பமே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைக் கண்டறிந்த காலமும் உண்டு! உடல் குளிர்ந்ததும் பார்வை திரும்பிவிடும். நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் இல்லை. இதமான நீரில் குளியுங்கள், போதும்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. புதிதாக ஒரு கால் இழுக்கிறது, ஒரு கண் வலியுடன் மங்குகிறது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, சிறுநீர் வெளியேற மறுக்கிறது: இப்படி உடலின் ஒரு குறிப்பிட்ட வேலை கெட்டு, 24 மணி நேரத்துக்கு மேல் ஓய்வெடுத்தும் குளிர்வித்தும் மாறாமல் நின்றால், அன்றே உங்கள் நரம்பியல் நிபுணரை அழையுங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலோ, கால்கள் வேகமாகச் செயலிழந்தாலோ அந்த 24 மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. பழைய தொல்லைகள் எல்லாம் ஒரே வாரத்தில் கூட்டமாகத் திரும்பி, சோர்வும் சேர்ந்து அழுத்தினால் முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள். இந்த நோயில் சிறுநீர்த்தொற்று எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலும் வரும். நோய் மீண்டும் தாக்கியதைப் போலவே நடிக்கும். அந்த நேரத்தில் தானாக ஸ்டீராய்டு போட்டுக்கொள்பவரைத்தான் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சோர்வு சொல்லாமல் வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும், நாம் கவனிப்பதில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: இரவு எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தீர்கள், கால் தசைகள் இழுத்துத் தூக்கம் கலைந்ததா, ஊசி எந்த நாள், முந்தைய நாள் எவ்வளவு ஓடியாடினீர்கள், வெயிலில் எவ்வளவு நேரம். ஊசி இன்டர்ஃபெரான் என்றால் மறுநாள் உடல்வலியும் அசதியும் வருவது இயல்பு. போடும் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், நரம்பு வலிக்கான கபாபென்டின் இரண்டுமே தூங்கவைக்கும். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். எல்லாப் பழியையும் ஒரே நோயின்மேல் போடுவது நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களும் செய்கிற சோம்பேறித்தனம்.

நன்றாக இருக்கும் நாளில் நிலுவையில் உள்ள வேலையெல்லாம் முடித்துவிட வேண்டும் என்று பாய்வீர்கள் என நினைக்கிறேன். அடுத்த இரண்டு நாள் படுக்கை அதற்கான தண்டம். நல்ல நாளிலும் பாதியில் நிறுத்துங்கள். சோர்வு வந்தபின் படுப்பதைவிட, வருவதற்கு முன்னால் இருபது நிமிடம் படுப்பது அதிகப் பலன் தரும். கனமான வேலையை உடல் குளிர்ச்சியாக இருக்கும் காலை நேரத்தில் வையுங்கள். உடற்பயிற்சி நரம்பைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறைவாகத் தொடங்கி, விட்டுவிட்டுச் செய்து, மெல்லக் கூட்டினால் அது சோர்வைக் குறைக்கும். சோர்வுக்கென்று தரப்படும் அமான்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட மேலாக அவை எதுவும் சோர்வைக் குறைக்கவில்லை, பக்கவிளைவுதான் கூடுதல். ஒரு சிலருக்கு உதவலாம் என்று உங்கள் டாக்டர் முயன்று பார்த்தால் தவறில்லை. நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கொட்டாவியை விடுங்கள். மறதி சோர்வோடு வந்து சோர்வோடு போகிறதென்றால் அதையும் விடுங்கள். முடி உதிர்வதை அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். ஆனால் அதற்காகச் சாப்பிடும் பயோட்டின், தைராய்டு பரிசோதனையைப் பொய்யாக்கும்: ரத்தத்தில் தைராய்டு மிகையாக இருப்பதுபோல் முடிவு வரும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே நிறுத்துங்கள். மாத்திரையின் அளவு பெரிதென்றால் இன்னும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்; அட்டையை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள், நோட்டையும்தான்.