வெளிநாட்டு நிருபர் ஆக 85,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமம். வயது 24. ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். 2024 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் கமலா ஹாரிஸின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துக்கு வந்த வெளிநாட்டு டிவி குழுவுக்கு வழிகாட்டி, மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து வெளிநாட்டு நிருபர் ஆகவேண்டும் என்பதே நினைப்பு. தஞ்சாவூரில் ஒருவர் 'இன்டர்நேஷனல் பிரஸ் கார்டு' வாங்கித் தருகிறேன், விசிட் விசாவில் துபாய் போனால் செய்தி நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். 85,000 ரூபாய் கேட்கிறார். அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். கட்டலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

காசு கொடுத்து வாங்கும் கார்டு யாரையும் நிருபர் ஆக்காது. பத்திரிகை நிறுவனம் தன் நிருபருக்கு அடையாள அட்டை தரும். அரசு தரும் அங்கீகார அட்டை வேறு. பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில் யாருக்கும் கார்டு கொடுப்பதில்லை. ஆனால் கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை அசோகச் சின்னம் போட்ட கார்டுகளைக் கூசாமல் விற்கிறார்கள். போலீஸ் மடக்கினால் காட்டலாம் என்று வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். உங்களைப் போல உண்மையாக எழுத நினைக்கும் பிள்ளைகளும் அதில் ஏமாறுவதுதான் எனக்கு ஆறவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு உண்மையிலேயே ஒரு சர்வதேச பிரஸ் கார்டு தருகிறது. இரண்டு வருடம் செல்லும். அந்தக் கூட்டமைப்பில் இணைந்த பத்திரிகையாளர் சங்கத்தில் நீங்கள் உறுப்பினராக இருக்கவேண்டும், பத்திரிகைத் தொழிலில் இருக்கவேண்டும், சங்கம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தஞ்சாவூரில் மாடியில் அறை பிடித்து உட்கார்ந்திருக்கும் ஏஜெண்ட் அதை வாங்கித் தர முடியாது. சரி, அசல் கார்டே கையில் இருந்தாலும் அது விசா ஆகாது. விமான நிலைய அதிகாரிக்குத் தேவை பாஸ்போர்ட்டும் சரியான விசாவும்தான். அமெரிக்காவுக்குச் செய்தி சேகரிக்கப் போக 'ஐ' விசா என்று தனியாக இருக்கிறது. நம் நாடும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு 'ஜே' விசா என்று தனியாகத்தான் கொடுக்கிறது.

அடுத்தது அந்த விசிட் விசா. டெல்டாவில் எத்தனை வீடுகள் இதனால் கடனில் விழுந்தன என்று உங்களுக்கே தெரியும். 'அங்கே போய் மாத்திக்கலாம்' என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். வேலை உண்மையென்றால் வேலைக்கான அனுமதியை அந்த நிறுவனமே எடுத்து அனுப்பும், செலவும் அதனுடையது. ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்கவேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இவர் கேட்பது 85,000.

அப்படியானால் வெளிநாட்டு நிருபர் ஆவது எப்படி? நாளிதழோ செய்தி நிறுவனமோ தன் ஆளை வேறு நாட்டுக்கு அனுப்புகிறது. பல வருடம் உள்ளூரிலும் டெல்லியிலும் எழுதி நம்பிக்கை சம்பாதித்தவருக்கே அது கிடைக்கும். இல்லையென்றால் தனியாக எழுதுகிறவர், 'இன்ன செய்திக்காக இவரை நியமித்திருக்கிறோம்' என்று ஒரு பத்திரிகை எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு போகவேண்டும். பெரும்பாலும் இவைதான் வழி.

இந்தக் கடிதத்தைத்தான் நம் பத்திரிகை அலுவலகங்கள் கொடுக்க மறுக்கின்றன. வெள்ளத்தில் நின்று படம் எடுத்து அனுப்பும் பகுதிநேர நிருபருக்கு நியமனக் கடிதம் இல்லை, ஒழுங்கான சம்பளம் இல்லை. மத்திய அரசின் அங்கீகார விதியோ தனியாக எழுதுகிறவரிடம் 15 வருட அனுபவம் கேட்கிறது. வேலைக்கான சான்றே இல்லாதவர் அனுபவத்தை எதை வைத்துக் காட்டுவார்? பையன்கள் ஏஜெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு இந்த அலட்சியமும் காரணம். நீங்கள் விடாதீர்கள். உங்கள் நாளிதழின் மாவட்டப் பொறுப்பாளரிடம் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள், வெளிவந்த செய்திகளைத் தேதியோடு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

அந்த டிவி குழுவோடு செய்த வேலை சின்ன வேலை இல்லை. வெளிநாட்டு நிருபர்களுக்கு உள்ளூரில் ஆள் பிடித்து, பேசி, மொழிபெயர்த்துக் கொடுப்பதே ஒரு தொழில். ஃபிக்ஸர் என்பார்கள். அடுத்த முறை நாள் கூலி எவ்வளவு, உங்கள் பெயர் வருமா என்பதை மின்னஞ்சலில் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு நீங்களே செய்தி யோசனையும் அனுப்பலாம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத வருடம் குறுவை என்ன ஆகிறது, கடலோரத்தில் நிலத்தடி நீர் ஏன் உப்பாகிறது, நாகப்பட்டினம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தால் இங்கே வீட்டில் என்ன நடக்கிறது, இதையெல்லாம் வெளியிலிருந்து வருகிறவர் உங்களைப் போல எழுத முடியாது. யாழ்ப்பாண மீனவர் தரப்பையும் கேட்க நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தால், சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதீர்கள். பத்திரிகையின் கடிதத்தோடு இலங்கைத் தூதரகத்தில் ஊடக அனுமதி கேளுங்கள்.

ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். படிக்க வேண்டுமென்றால் சென்னையில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது, டெல்லியில் மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனமான ஐஐஎம்சி இருக்கிறது. உதவித்தொகை பற்றி நேரடியாக அவர்களிடமே கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

அந்தத் தஞ்சாவூர்க்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள். இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்குங்கள்.