மாமா வீட்டில் கல் அரிகிறார்கள், நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன்

கேள்வி: அக்கா, எனக்கும் அவருக்கும் கலியாணப் பேச்சு முடிந்து ஒரு வருடமாகிறது. எனக்கு பம்பலப்பிட்டியில் கணக்குப் பிரிவு வேலை. அவர் முல்லைத்தீவில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார். அங்கே அவரும், அறுபது வயது மாமாவும், ஏ.எல். படிக்கிற தம்பியுமாக வளவுக்குள்ளேயே சீமெந்துக் கல் அரிந்து தாங்களே வீடு கட்டுகிறார்கள். மேசனைக் கூலிக்குப் பிடிக்கவில்லை. வேலை விட்டு வந்தால் இருட்டும்வரை அதுதான், சனி ஞாயிறும் அதுதான். பின்னேரம் போன் அடித்தால் எடுக்கமாட்டார், இரவு ஒன்பது மணிக்கு எடுத்தால் இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் நித்திரை. என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, "கொந்தராத்துக்குக் கொடுங்கள், மூன்று மாதத்தில் முடிந்துவிடும்" என்றேன், கோபித்துக்கொண்டார். அம்மாவோ வீடு முடியாமல் கலியாணம் இல்லை என்கிறார். அவருக்குத் துணையாக நிற்க எனக்கு மனம் நிறைய ஆசை, இங்கே இருந்துகொண்டு எப்படி நிற்பது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அவருடைய கோபத்தில் இருந்தே தொடங்குவோம். நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் வயது போன அப்பாவும் படிக்கிற தம்பியும் பக்கத்தில் நின்று சாந்து குழைக்கும்போது, "கொந்தராத்துக்குக் கொடுங்கள்" என்று கொழும்பில் இருந்து ஒரு குரல் வந்தால், இவ்வளவு நாள் பட்ட பாடு உனக்குக் கணக்கில்லையா என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும்.

தன் வீட்டைத் தானே கட்டுவது வன்னிக்குப் புதிதில்லை. மண் சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்த காலத்திலும் சொந்தக்காரர் கூடித்தான் வீடு போட்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அப்படித்தான் நடந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு ஒதுக்கிய 46,000 வீடுகளில் பெரும்பாலானவை வீட்டுக்காரரே முன்னின்று கட்டியவை. வீடொன்றுக்கு 550,000 ரூபாய், அதுவும் ஒரேயடியாக இல்லை, வேலை எழும்ப எழும்பத் தவணையாக வங்கியில் விழும். அதற்குள் கூலி முழுவதையும் கொடுத்தால் கூரைக்கு மிஞ்சாது என்பதால் தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லாருமே மணல் அள்ளினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். பிறகு 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாய்க்குப் போனபோது அரைச் சுவரோடு நின்றுபோன வீடுகள் எத்தனை. இதையெல்லாம் கண்ணால் கண்ட குடும்பம், கடன்படாமல், காசு வரவரக் கட்டுவோம் என்று முடிவெடுத்திருக்கிறது என்றால் நான் அவர்கள் பக்கம்தான்.

போன் விஷயம். குழைத்த சாந்து காத்துக்கொண்டிருக்காது, ஒரு மணித்தியாலத்துக்குள்ளே பாவித்து முடிக்காவிட்டால் இறுகத் தொடங்கிவிடும், அப்புறம் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைத்தாலும் அதில் பலம் இருக்காது. கையெல்லாம் சீமெந்தோடு நிற்பவர் போன் எடுக்காததை உங்களை ஒதுக்குவதாக எடுக்க வேண்டாம். பின்னேர அழைப்பை விட்டுவிடுங்கள். காலையில் அவர் வேலைக்குப் புறப்பட முன் பத்து நிமிடம் கேளுங்கள், பகலில் குரல் பதிவு அனுப்பி வையுங்கள், தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கேட்டுக்கொள்வார். ஒரு நாள், வாரத்தில் ஒரே ஒரு நாள், இரவுக் கதை உங்களுக்கென்று வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைக் குறை சொல்வதுபோலக் கேட்காமல் ஆசையாகவே கேட்கலாம்.

வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி மனக்கஷ்டம் போய்விடும். இன்றைக்கு அரிந்த கல்லை நாளைக்கே சுவரில் வைக்க முடியாது, நிழலில் வைத்து குறைந்தது ஒரு கிழமையாவது காலையும் மாலையும் நனைக்க வேண்டும். கொங்கிரீட் முழுப் பலம் பிடிக்க 28 நாள் என்று கணக்கு. அதாவது, வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தெரிகிற நாட்களிலும் வீட்டில் யாரோ ஒருவர், அநேகமாக மாமி, வாளியோடு நடந்துகொண்டிருப்பார். இதற்கு மேல் வயல். புரட்டாசி, ஐப்பசியில் காலபோக விதைப்பு, பின்னாலேயே மாரி மழை, தை மாசியில் அறுவடை. இடையில் கிடைக்கிற வெயில் மாதங்களுக்குள்தான் சுவரும் கூரையும். "எப்ப முடியும்?" என்று கேட்காமல் "மாரிக்கு முதல் எதுவரை கொண்டுபோக நினைக்கிறீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கும், சொல்லவும் ஆசையாக இருக்கும்.

இனிக் காசு. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நல்ல பிள்ளைகள் வாய் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். அந்த வீடு யாருக்கு? அவருக்குத் தங்கச்சி இருக்கிறாவா என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் சனத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம், அண்ணன்மார் ராப்பகலாகக் கட்டுவதே பல வீடுகளில் தங்கச்சிக்காகத்தான். அதில் எந்தப் பிழையும் இல்லை, அப்படிப்பட்ட அண்ணனைக் கலியாணம் கட்டுவது நல்லதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு காசு கொடுப்பது வேறு, நாளைக்கு நான் வாழப்போகிற வீடு என்று நினைத்துக் கொடுப்பது வேறு. காணி எப்படிப்பட்டது என்பதையும் கேட்டு வையுங்கள். வன்னியில் நிறையக் காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, அடுத்துக் காணி போய்ச் சேரவேண்டிய பின்னுரித்தாளர் என்று ஒருவரின் பெயர் பதிந்திருக்கும். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் தேடியதைத்தான் வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை தேடியதேட்டம் என்கிறது, அதற்கு முன் நீங்கள் ஆசையோடு கொடுத்த காசு அதில் வராது. எனவே இப்போது கொடுப்பதை அன்பளிப்பாகக் கொடுங்கள், திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத அளவுக்கு மட்டும் கொடுங்கள், மிச்சச் சேமிப்பை உங்கள் பெயரில் அப்படியே வைத்திருங்கள். இதைக் கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஆறுதலான நேரம் பார்த்து, "எனக்கு மறைக்கத் தெரியாது, அதனால கேட்கிறேன், இந்த வீட்டை யாருக்கு எழுதுறதா வீட்டில கதை?" என்று கேளுங்கள்.

கையில் காசாகக் கொடுப்பதைவிடப் பொருளாகக் கொடுப்பது அவர்களுக்கும் கூச்சமில்லாமல் இருக்கும். கொழும்பில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் வரிசையாக இருக்கிற ஹாட்வெயார் கடைகளில் பிணைச்சல், கொண்டி, பூட்டு, சுவிட்ச், வயர், பைப் எல்லாம் ஊர்க்கடையைவிட மலிவாகக் கிடைக்கும், தெரிவுக்கும் நிறைய இருக்கும். சீமெந்து, கம்பி போன்ற பாரச் சாமானை இங்கே வாங்கி ஏற்றுவது வீண், வண்டிக்கூலி தின்றுவிடும். ஆனால் ஒரு வீட்டுக்கான பிணைச்சல் முழுவதும் ஒரு பைக்குள் அடங்கும், அதை வெள்ளவத்தையில் இருந்து இரவு புறப்படுகிற பஸ்ஸில் போட்டுவிட்டால் விடிய மாங்குளத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நீங்களாக யோசித்து வாங்க வேண்டாம். மாமாவிடமே கேளுங்கள்: எத்தனை கதவு, எத்தனை யன்னல், பிணைச்சல் நாலு அங்குலமா மூன்று அங்குலமா, நிலை வேம்பா பாலையா. பாலை மரம் இரும்பு மாதிரி, துளை போடாமல் ஆணி இறங்காது, அதற்குத் தக்க திருகாணி வேண்டும். இப்படிக் கேட்கிற மருமகளை அந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார், பாருங்கள்.

இன்னொன்று, கையுறையும் நீளச் சப்பாத்தும் வாங்கி அனுப்புங்கள், மூன்று பேருக்கும். ஈரச் சீமெந்து தோலை அரித்துப் புண்ணாக்கும், விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும். பழைய ஆணி குத்துவது நடக்கிற விஷயம், ஏற்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போடுகிற யோசனை இருந்தால், வெட்டும்போது நனைத்து வெட்டச் சொல்லுங்கள், முகத்தை மூடச் சொல்லுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. தம்பிக்குப் பரீட்சை எப்போது என்றும் விசாரியுங்கள். அவன் படிக்க வேண்டிய இரண்டு மாதத்துக்கு ஒரு கையாளைக் கூலிக்குப் பிடிக்க உங்கள் காசு போகுமானால், அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை, கொந்தராத்து என்ற சொல்லும் வேண்டியதில்லை.

அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். கட்டி முடியாத வீடு என்று அவர் மனதில் இருப்பது வேறு, நேரில் காண்பது வேறு. சொந்தக்காரர் கூடுகிற நாளாகப் பார்த்துப் போனால் நல்லது, கதவு யன்னலுக்கு மேலே வருகிற லின்டல் கொங்கிரீட் போடுகிற நாளில் அநேகமாகக் கூடுவார்கள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும், அரிசி, பருப்பு, இறைச்சி, தேத்தண்ணிக்குச் சீனி. நீங்களும் மாமியோடு சமையலுக்கு நில்லுங்கள், பின்னேரம் கல்லுக்குத் தண்ணீர் விடுங்கள். அம்மாவுக்குத் திகதிதான் வேண்டுமென்றால், ஒரு அறையும் குசினியும் கூரையோடு முடிந்தால் கலியாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடிக்கலாமே. மிச்ச அறைகளைப் பிறகு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அக்கா, நான் கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கிறேன். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், பசறைப் பக்கத் தோட்டம். லயத்தை விட்டு வெளியேற மாமனாரும் மச்சான்மாரும் மேட்டை மண்வெட்டியால் வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டுகிறார்கள். வீடியோவில் பார்த்தேன், வீட்டுக்குப் பின்னால் மண் சுவர் மாதிரி நேராக நிற்கிறது. பயமாக இருக்கிறது. சொன்னால் டவுன் மருமகன் சட்டம் பேசுகிறான் என்கிறார்கள்.
வாசகர், கொழும்பு 13

பதில்: தம்பி, இதில் நீங்கள் கூச்சப்படவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை உங்கள் மாமனார் மறந்திருக்க மாட்டார், அதுவும் பதுளை மாவட்டம்தான். செங்குத்தாக வெட்டிய மேடு மழையில் ஊறினால் சொல்லிக்கொண்டு விழாது. பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்ட முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு எடுக்க வேண்டும் என்பது விதி, பதுளையிலேயே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. உங்கள் வாயால் பிழை சொல்லாமல், "மாமா, பிள்ளை பிறந்து வரப்போற வீடு, ஒருக்கா ஆபீஸ்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டிடுவோம், போக்குவரத்துச் செலவு நான் தர்றேன்" என்று சொல்லுங்கள்.

அவர்கள் வந்து பார்க்கும்வரை வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மேட்டுக்கு மேலே தண்ணீர் வழிந்தோடக் கான் இருக்கிறதா, நிலத்தில் புது வெடிப்பு தெரிகிறதா, மரமோ கம்பமோ சாய்கிறதா, புதிதாகக் கலங்கிய ஊற்று வருகிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒன்று கண்டாலும், மழைக்காலத்தில் மனைவி அந்த வீட்டில் படுக்கக் கூடாது, லயமானாலும் பரவாயில்லை, பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் மாமனார் கோபித்துக்கொண்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என்னவர் மன்னாரில். ஒவ்வொரு நாளும் கட்டுகிற சுவரின் படம் அனுப்புகிறார். எனக்கு எல்லாச் சுவரும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது, "சூப்பர்" என்று மட்டும் எழுதி அனுப்ப வெட்கமாக இருக்கிறது.
வாசகி, தெமட்டகொட

பதில்: சுவரை விட்டுவிட்டு மூலையைப் பாருங்கள் தங்கச்சி. கட்டத் தெரிந்தவர் யார் என்பது மூலையில்தான் தெரியும், தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்ப்பதும் அங்கேதான். "மூலை யார் கட்டினது, நீங்களா அப்பாவா?" என்று கேளுங்கள். யன்னல் எந்தப் பக்கம் வருகிறது, சோளகம் அடிக்கிற காலத்தில் காற்று உள்ளே வருமா, குசினிப் புகை எங்கே போகும் என்று கேளுங்கள். குசினியில் தட்டு எந்த உயரத்தில் வேண்டும் என்பதை, உங்கள் கை எட்டுகிற அளவை அளந்து, பூச்சு வேலை தொடங்க முன் அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.