முதல் பனிச்சறுக்கு விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்தின் செர்மாட் போகிறோம். எதை முதலில் முடிவு செய்வது?

தேதியை. விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அதற்குப் பிறகுதான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை வரும் பிப்ரவரியிலும் கூட்டமும் வாடகையும் எகிறும். ஜனவரி நடுவில் கூட்டம் குறைவு, ஆனால் குளிர் கடுமை. புதிதாகக் கற்பவர்களுக்கு மார்ச்தான் என் தேர்வு: பகல் நீளம், வெயிலும் இதம்.

செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதியில்லை. காரில் வந்தால் டேஷ் கிராமத்தில் நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். ஜெனீவாவிலிருந்தோ சூரிக்கிலிருந்தோ ரயிலில் வந்து ஃபிஸ்ப் நிலையத்தில் மாறுவது இன்னும் எளிது.

சறுக்குப் பலகையை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். பூட்ஸ் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முனை லேசாக இடிக்க வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டு கால் இன்னும் விறைத்துப்போகும். ஒரே ஜோடி, மெல்லியது போதும்.

முதல் சில நாட்கள் சுன்னெகா பகுதியில் பயிற்சியாளரோடு சறுக்கிப் பழகுங்கள். முழு மலைக்குமான கேபிள் கார், லிஃப்ட் பாஸ் உடனே வேண்டாம். இத்தாலியின் செர்வீனியாவுக்குச் சறுக்கிக்கொண்டே போகலாம் என்பது பெரிய ஆசைதான். ஆனால் காற்று பலமாக வீசினால் மேலே கேபிள் கார் நின்றுவிடும். திரும்பச் சாலை வழியாக மலையையே சுற்றி வர வேண்டியிருக்கும்.

பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல பாலிசிகளில் இது தானாக வராது.