கண் வீங்கிய ஆமைக்குட்டிக்குச் சொட்டு மருந்து போடலாமா?

ஐந்து மாதச் சிவப்புக் காது ஆமைக்குட்டி நான்கு நாட்களாகக் கண் திறக்காமல், உணவும் எடுக்காமல் கிடக்கிறது, நாம் பயன்படுத்தும் கண் சொட்டு மருந்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். நான் போட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆமை வளர்ப்பதே குற்றம் என்று சண்டைக்கு வருவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பது நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு இனங்களை, இது அமெரிக்காவிலிருந்து வந்த இனம்.

உங்கள் குட்டியும் எங்களுடையதைப் போலவே சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையில், ஒரு கண்ணாடித் தொட்டியோடும் ஒரு டப்பா காய்ந்த இறாலோடும் வாங்கியதாகத்தான் இருக்கும். 'இறால் போதும், வெயில் வேண்டாம்' என்று கடைக்காரர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மார்கழியில் இமைகள் இரண்டும் கொத்தமல்லி விதை அளவுக்கு உப்பி மூடிக்கொண்டன. இறால் மூக்கில் இடித்தாலும் குட்டி வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் சொட்டு மருந்து போட்ட பிறகு, தற்செயலாக ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்தியபோது, அது நமுத்த அப்பளம் போல வளைந்தது.

வீட்டருகே இருந்த மருத்துவர் நாய், பூனை மட்டுமே பார்ப்பதாகச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில்தான் குட்டியை எடை போட்டார்கள்: 26 கிராம். நோய் கண்ணில் இல்லை, தொட்டியில் இருக்கிறது என்றார் அங்கிருந்த மருத்துவர். வெறும் இறாலே தின்றால் வைட்டமின் ஏ குறைந்து இமைகள் வீங்கும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடுவதால், உடலில் வைட்டமின் டி உருவாகாமல், சுண்ணாம்புச் சத்தும் சேராமல் ஓடு மெத்தென்றாகும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் நின்றுவிடும். வைட்டமின் ஏ ஊசி மிகுந்தால் தோல் உரியும் என்பதால் அளந்து ஒன்றுதான் போட்டார். நாய்களுக்குப் புழு, உண்ணி நீங்கத் தரும் ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமையைக் கொன்றுவிடும் என்றும் எச்சரித்தார்.

அதன் பிறகு தண்ணீரை 27 டிகிரியில் வைத்தோம். ஏறி உட்காரக் கல்லும், அதன் மேல் புற ஊதா பி விளக்கும் அமைத்தோம். காலை வெயிலில் பாதி நிழலாக ஒரு பேசினில் விட்டோம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினோம், ஏனெனில் ஆமை, மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியது. உங்கள் குட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். விடியும் வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இதற்கிடையில் 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று என் மாமியார் தினமும் முணுமுணுத்தார். பூஜை அலமாரியில் தண்ணீர்த் தட்டில், வாஸ்துவுக்காகப் பித்தளை ஆமை வைத்திருப்பவரும் அவரேதான்.

பதின்மூன்றாம் நாள் இடக்கண் திறந்தது; அன்று மாலை ஒரு மீன் துணுக்கைக் கவ்வியது. வலக்கண் இன்றும் முழுதாகத் திறப்பதில்லை. அது என் சொட்டு மருந்தாலா என்று மருத்துவரைக் கேட்க எனக்கு இதுவரை துணிவு வரவில்லை.