கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் கூரை ஏன் வளைவாக இருக்கிறது?

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் இந்தத் தேவாலயத்தின் கூரை ஏன் சுரங்கப்பாதை போல வளைந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அழகு ஒரு காரணம்தான், ஆனால் முக்கியக் காரணம் பீரங்கிக் குண்டு.

1678-ல் வேலை தொடங்கி, 1680 அக்டோபரில் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். செலவைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்கவில்லை. கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் நன்கொடை திரட்டினார்கள்.

கடலை ஒட்டிய கோட்டை என்பதால் தாக்குதல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மரச்சட்டமும் ஓடும் போட்ட கூரை ஒரே குண்டில் தீப்பிடித்துவிடும். அதனால் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடித்த வளைவுக் கூரை கட்டினார்கள். விழும் பாரத்தை வளைவு இரண்டு பக்கச் சுவர்களுக்கும் பிரித்து அனுப்பும். அந்த அழுத்தத்தில் சுவர் வெளியே சாயாமல் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் சுவர்கள் ஏறக்குறைய நான்கு அடி தடிமன். பெயர் தெரியாத அந்தக் கொத்தனார்களின் கைத்திறன் எனக்கு இன்றும் வியப்புதான்.

1758-59-ல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது இந்தக் கட்டடம் தாக்குப்பிடித்தது. அப்புறம், முற்றத்தில் பாவியிருக்கும் கல்வெட்டுப் பலகைகளையும் பாருங்கள். அவை கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைக் கற்கள். அங்கிருந்த கல்லறைகளை எதிரிகள் மறைவிடமாகப் பயன்படுத்தியதால் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 1753-ல் ராபர்ட் கிளைவின் திருமணம் நடந்ததும் இங்கேதான்.