நான்கு கணக்கும் ஒரு பேனாவும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க் நகரின் வரவுசெலவை மேயர், நகர மன்றம், கம்ப்ட்ரோலர் (நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி), சுயேச்சை பட்ஜெட் அலுவலகம் என்று நான்கு தரப்பு தனித்தனியாகக் கணிப்பதைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் புரூக்ளினில் இருக்கிறேன். 2023 நவம்பரில் மேயர் எரிக் ஆடம்ஸ், அடுத்த நிதியாண்டில் 7.1 பில்லியன் டாலர் துண்டு விழும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நூலகங்களைப் பூட்டினார்கள். மன்றத்தினர் ‘பணம் இருக்கிறது’ என்றார்கள். இரண்டே மாதத்தில் அந்தத் துண்டு மாயமானது. 2024 ஜூனில் நூலகங்களுக்குப் பணம் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய ஊரில் கூட்டல் கழித்தல் தெரிந்த ஆளே இல்லையா, அல்லது எல்லாருமே பொய் சொல்கிறார்களா?

ஒரு வாசகர், புரூக்ளின்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த வரியை நான் திரும்பப் பெறப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 7.1 பில்லியன். தனியாகக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் நகரத்தின் மொத்த பட்ஜெட் அப்போதே 110 பில்லியனைத் தொட்டிருந்தது. அதில் ஒரு சதவீதம் பிசகினாலே நூறு கோடி டாலருக்கு மேல் ஆகிவிடும். நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கான முதல் வரைவு ஜனவரியிலேயே வர வேண்டும். அப்போது வால் ஸ்ட்ரீட்டின் போனஸ் கணக்கு முடிந்திருக்காது, ஏப்ரலில் வரும் வருமான வரி விவரமும் கையில் இருக்காது. நகரத்தின் வருமான வரியில் சுமார் நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ கட்டுவது உச்சியில் இருக்கும் ஒரு சதவீதம் பேர். பங்குச் சந்தைக்கு அந்த ஆண்டு நன்றாக இருக்குமா என்று ஊகிப்பதும் நகரத்தின் வரவை ஊகிப்பதும் பாதி ஒரே வேலைதான். சொத்து வரி மட்டும் கொஞ்சம் நிதானமானது. மதிப்பீட்டுப் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடுவதால் அதில் பெரிய சண்டை இல்லை.

அப்புறம் நான்கு பேரும் ஒரே தொகையைச் சொன்னால்தான் நான் சந்தேகப்படுவேன்.

நான்கு பேர் கணித்தாலும் பேனா ஒருவர் கையில்தான் இருக்கிறது. நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகரச் சாசனப்படி, சொத்து வரி தவிர்த்த வரவு எவ்வளவு என்று மேயர் கொடுக்கும் மதிப்பீடுதான் செல்லும். செலவிலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சொத்து வரி விகிதமாக மன்றம் நிர்ணயிக்கும். அதாவது மேயர் வரவைக் குறைத்து எழுதினால் மன்றத்தின் கை கட்டப்பட்டுவிடும். செலவு கேட்டு வருபவர்களிடம் ‘எங்கே பணம்?’ என்று கேட்டால் போதும். எனவே மன்றம் தன் கணக்கில் வரவைக் கூட்டிக் காட்டும். இரு தரப்பும் பேரம் பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டால், ஜூன் மாதக் கடைசியில் திடீரென்று பணம் ‘கண்டெடுக்கப்படுவது’ ஏன் என்பதும் புரியும்.

மேயர்கள் வரவைக் குறைத்தே எழுதுவதற்கு இன்னொரு காரணம் 1975. அப்போதைய மேயர் ஏபிரகாம் பீம் கணக்குத் தெரியாதவர் அல்ல. பட்ஜெட் இயக்குநராகவும் கம்ப்ட்ரோலராகவும் இருந்துவிட்டு மேயரானவர். அவருக்கு முன்பே பழகிப்போன வழி ஒன்று இருந்தது. கட்டடமும் பாலமும் கட்ட வேண்டிய மூலதனக் கணக்கில் அன்றாடச் செலவை ஏற்றுவது, வரவே வராத வருமானத்தைக் காட்டி அதன்மேல் குறுகிய காலக் கடன் வாங்குவது. 1975 வசந்த காலத்தில் சந்தை ‘இனி கடன் இல்லை’ என்று கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அதுவரை இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகம் 1976இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. மாநில அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்து, பற்றாக்குறை 100 மில்லியன் டாலரைத் தாண்டினால் நிர்வாகம் அதன் பிடிக்குள் போகும் என்று விதித்தது. 1986இல் அந்தப் பிடி தளர்ந்தது. ஆனால் பட்ஜெட் சமநிலையில் இருந்தாக வேண்டும் என்பது 2005இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் நகரச் சாசனத்திலேயே ஏறிவிட்டது. இப்படிச் சூடு பட்ட பூனை வரவை எப்படி எழுதும்? கூட எழுதித் தவறினால் அவமானம், குறைத்து எழுதித் தவறினால் உபரி. எந்தத் தவறு சௌகரியம் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் சுயேச்சை பட்ஜெட் அலுவலகத்தின் அருமை. 1989 சாசனத் திருத்தத்தில் பிறந்தது, 1996இல்தான் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அதற்குப் பணம் தராமல் இழுத்தடித்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மேயரின் பட்ஜெட் அலுவலகத்துக்கு ஒதுக்கும் தொகையில் குறைந்தது 10 சதவீதம் அதற்குப் போக வேண்டும் என்பது சாசன விதி. மேயர் தன் கணக்காளர்களுக்குச் செலவு செய்தால் தன்னைச் சரிபார்ப்பவர்களுக்கும் சேர்த்தே செலவு செய்தாக வேண்டும். யார் யோசித்தார்களோ, குறும்புக்காரர்.

சரி, உங்கள் 2023க்கு வருகிறேன். அந்த ஆகஸ்டில், அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கான செலவு மூன்று நிதியாண்டுகளில் 12 பில்லியன் டாலரைத் தாண்டும் என்றார் மேயர். கணக்கு எளிது: எத்தனை குடும்பங்கள், எத்தனை இரவுகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு 383 டாலர். மூன்றையும் பெருக்க வேண்டும். வருகிறவர்களின் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறும் என்று வைத்தால் 12 வரும், வேகம் குறையும் என்று வைத்தால் வேறு வரும். சுயேச்சை அலுவலகமும் மன்றமும் குறைவாகத்தான் சொன்னார்கள். கடைசியில் செலவு 12ஐ நெருங்கவே இல்லை. ஆனால் அதை வைத்து மேயர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்டிவிட மாட்டேன். அந்த எண்ணைக் காட்டித்தான் முகாமில் தங்க 30 நாள், 60 நாள் என்று கெடு வைத்தார்கள். கெடு வைத்த சில மாதங்களில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள், எண்ணும் குறைந்தது. தவிர, அந்த 12 பில்லியன் உங்களிடம் சொல்லப்பட்டதே அல்ல. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசுக்கும் ஆல்பனியில் இருக்கும் மாநில அரசுக்கும் கேட்பதற்காகச் சொன்னது. நூலகத்தின் வாசலில் நின்று கேட்டவர் நீங்கள், அதுதான் உங்கள் துரதிர்ஷ்டம்.

உங்களோடு நான் ஒத்துப்போவது வேறோர் இடத்தில். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பெரிய மாமாதான் பட்டியல் போடுவார். மொய் எவ்வளவு வரும் என்பதில் அவருக்கும் அப்பாவுக்கும் ஒவ்வொரு முறையும் தகராறு. அது நேர்மையான தகராறு, யாருக்கும் தெரியாத விஷயம். ஆனால் பந்திக்கு எத்தனை இலை என்று வரும்போது, அறுநூறு பேர் வருவார்கள் என்று தெரிந்தே மாமா ‘நானூறு’ என்று எழுதுவார். கூட்டுத்தொகையைப் பார்த்து அப்பா மலைத்துவிடக் கூடாதாம். இரண்டாம் பந்தியில் சாம்பாருக்கு வெந்நீர் ஊற்றுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நியூயார்க் பட்ஜெட்டின் இலைக் கணக்கு காவல் துறையின் ஓவர்டைம். வருடா வருடம் ஒதுக்குவது ஒன்று, ஆவது ஒன்று. அண்மை ஆண்டுகளில் வித்தியாசம் பல நூறு மில்லியன் டாலர். வாடகை உதவித் திட்டமும் சிறப்புக் கல்வி வழக்குகளுக்கான தொகையும் அப்படித்தான். இவை ஊகம் அல்ல, போன வருட ரசீதைப் பார்த்தாலே தெரியும் செலவுகள். அடுத்தடுத்து வந்த கம்ப்ட்ரோலர்கள் இதைச் சுட்டிக்காட்டி அறிக்கை விட்டபடியே இருக்கிறார்கள். வரவில் பிசகுவதை மன்னிக்கலாம். தெரிந்த செலவைத் தெரியாதது போல எழுதுவதற்குத்தான் நீங்கள் சொன்ன சொல் பொருந்தும். அதில் மேயரோடு சேர்த்து, ஜூன் இரவில் சிரித்தபடி கைகுலுக்கி அதை நிறைவேற்றும் மன்றத்துக்கும் பங்கு உண்டு.

2024இல் நூலகங்களுக்குத் திரும்பக் கிடைத்தது ஏறத்தாழ 58 மில்லியன் டாலர். அந்த ஆண்டு ஓவர்டைம் மட்டும் ஒதுக்கியதைத் தாண்டிப் போனது இதைப்போலப் பல மடங்கு. அதற்காக எந்த ஞாயிற்றுக்கிழமையும் எந்தக் காவல் நிலையமும் பூட்டப்படவில்லை.